கிரேன் என்ற சொல்லும் நான்காவது மாடி ஜன்னலும்

அகராதி அலுவலகத்தில் அவனை எல்லோரும் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்காக அலுவலகத்தைக் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாளே வைத்த பெயர் அது. அவன் கழுத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு பெயர் தோன்றவும் தோன்றாது. சட்டைக் காலர் ஒரு பக்கம் இருக்கும், தாடை இன்னொரு பக்கம் இருக்கும், நடுவில் ஒரு தனி ஊரே இருக்கும். குழுவாகப் படம் எடுத்தால் கடைசி வரிசையில் குனிந்து நிற்கச் சொல்வார்கள். குனிந்து நின்றாலும் அவன்தான் முதலில் தெரிவான். இதற்கெல்லாம் அவன் கோபித்துக்கொண்டதே இல்லை. கோபம் வந்தால் கழுத்து சிவந்து இன்னும் எடுப்பாகத் தெரியும் என்று அவனுக்கே தெரியும்.

கழுத்தை இவ்வளவு உயரத்துக்குக் கொடுத்த கடவுள், உயரத்தைத் தாங்குகிற தலையைக் கொடுக்க மறந்துவிட்டார். நாற்காலி மேல் ஏறினாலே அவனுக்குக் கிர்ரென்று வரும். அவன் தங்கியிருந்தது அக்காவின் வீட்டில். அங்கே பல்பு மாட்டுவது, பரண்மேல் இருந்து பெட்டியை இறக்குவது எல்லாம் அக்காதான். மருந்துக்கடையில் நாளெல்லாம் ஏணியில் ஏறி இறங்குகிறவள் அவள். தம்பியைவிட ஒரு முழம் குள்ளம். ஏணியில் நின்றபடி கீழே பார்த்துச் சொல்வாள்:

"உனக்குப் பொண்ணு பார்க்கறதா இருந்தா கீழ்வீட்டுல இருக்கறவளாத்தான்டா பார்க்கணும். மாடிவீட்டுக்காரின்னா பாதிப் படியிலயே நீ மயங்கி விழுந்துடுவ."

வயது முப்பத்தைந்தைத் தாண்டியும் அவனுக்குக் கீழ்வீட்டிலிருந்தும் யாரும் வாய்க்கவில்லை, மாடிவீட்டிலிருந்தும் வாய்க்கவில்லை. பெண்களிடம் பேசப் போனால் அவனுக்கு ஒரு வியாதி உண்டு. நடுக்கத்தில் ஏதாவது ஒரு சொல்லின் பூர்வீகத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுவான். ஒருமுறை பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண் சும்மா மணி கேட்டாள். கடிகாரத்துக்கான ஆங்கிலச் சொல் முதலில் கோயிலில் அடிக்கிற மணியைத்தான் குறித்தது என்று இவன் விளக்கி முடிப்பதற்குள் அவள் இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிப் போய்விட்டாள்.

வேலை அப்படிப்பட்ட வேலை. ஆங்கிலம்–தமிழ்ப் பேரகராதி. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் எத்தனை பொருள் உண்டோ அத்தனையையும் வரிசையாகத் தமிழில் எழுத வேண்டும். கடைசியில் அந்தச் சொல் எங்கே பிறந்து எந்த வழியாக வந்தது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அலுவலகம் நான்காவது மாடியில் இருந்தது. கொக்கு தினமும் சுவரைத் தடவிக்கொண்டே படியேறி, உள்மூலையில் அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவான். அலமாரியைப் பார்த்துக்கொண்டே ஏ வரிசை முடிந்தது, பி வரிசை முடிந்தது. உலகத்தில் ஜன்னல் என்ற ஒன்று இருப்பதாகவே அவன் நினைக்கவில்லை.

அந்த வருடம் மழையில் உள்மூலைக் கூரை ஒழுகியது. சரியாக அவன் மேசை மேல், சரியாக அவன் எழுதிய தாள் மேல். அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியை வந்து பார்த்தார். அவரை அலுவலகம் முழுவதும் முற்றுப்புள்ளி அம்மா என்று முதுகுக்குப் பின்னால் சொல்லும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அதற்குமேல் பேச்சு கிடையாது.

"மேசையை ஜன்னல்கிட்டத் தள்ளுங்க" என்றார். பேச்சு முடிந்தது.

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்த முதல் நாள் கொக்கு மேசையின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தான். தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கட்டடத்தின் நடுவே மஞ்சள் நிறத்தில் ஒரு கோபுரக் கிரேன். அதன் உச்சியில் தெரு அகலத்தைப்போல இரண்டு மடங்கு நீளத்துக்கு ஒரு இரும்புக் கை. கைக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடி அறை. அந்த அறைக்குள் ஓர் ஆள். ஓர் ஆள்! இவனுக்கு நாற்காலியில் ஏறினாலே வேர்க்கிறது, அங்கே ஒரு மனுஷப் பிறவி வானத்தில் உட்கார்ந்து கம்பிக்கட்டைத் தூக்கிக்கொண்டிருக்கிறது.

கண்ணை இழுத்து மேசைக்குக் கொண்டுவந்தான். மேசையில் அடுத்த சொல் காத்திருந்தது: கிரேன். இதில் கதை சொல்கிறவர் செய்த சதி எதுவும் இல்லை. சி வரிசையில் அவ்வளவு தூரம் வந்துவிட்டால் அந்தச் சொல் வரத்தான் செய்யும்.

சொல்லுக்குள் இறங்கினான். இறங்கியவன் இரண்டு நாள் மேலே வரவில்லை. முதல் பொருள் பறவை. நீளக் கழுத்தும் நீளக் காலும் கொண்ட, ஊருக்கே கேட்கும்படி கத்துகிற பறவை. அந்தக் கரகரத்த கத்தலிலிருந்துதான் பெயரே வந்தது. இரண்டாவது பொருள், பாரம் தூக்கும் இயந்திரம். பறவையின் கழுத்தைப் பார்த்து இயந்திரத்துக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆங்கிலக்காரர் மட்டும் இல்லை, கிரேக்கரும் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் அப்படியேதான் செய்திருக்கிறார்கள். மூன்றாவது பொருள், கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பது. இதைப் படித்ததும் அவனுக்குத் தன் ஜாதகத்தையே அச்சில் பார்த்ததுபோல் இருந்தது.

அதோடு விட்டதா? ஜெரேனியம் என்கிற பூச்செடியின் விதை அந்தப் பறவையின் அலகு மாதிரி இருப்பதால், அந்தப் பூவின் பெயருக்குள்ளும் கிரேக்கக் கொக்கு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கிரான்பெரிப் பழத்துக்குள் ஒரு கொக்கு. நாய் விற்கிறவர்கள் பெருமையாகச் சொல்லும் பெடிக்ரீ என்ற சொல், பழைய பிரெஞ்சில் கொக்கின் கால். வம்சவழிப் படத்தில் கிளை பிரிகிற கோடு அந்தக் காலைப்போல இருந்ததாம். டச்சுக்காரர்களோ இயந்திரத்துக்கு வைத்த அதே பெயரைக் குளியலறைக் குழாய்க்கும் வைத்துவிட்டார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டில் இதையெல்லாம் அக்காவிடம் கொட்டினான்.

"குழாய் சொட்டுது, அதைச் சரி பண்ணுடா முதல்ல" என்றாள் அக்கா.

அலுவலகத்தில் வேறு விதமான தலைவலி. முற்றுப்புள்ளி அம்மாவுக்குத் தமிழ்ப் பெயர் சரியாக இருக்க வேண்டும்.

"சும்மா கொக்குன்னு போட்டா எப்படி? வயல்ல நிக்குதே வெள்ளையா, அது வேற. நாரைன்னா அதுவும் வேற. பெருங்கொக்குன்னு போடு."

"சரிம்மா. மிஷினுக்கு?"

"பாரந்தூக்கி."

"ஊர்ல எல்லாரும் கிரேன்னுதாம்மா சொல்றாங்க."

"கிரேன்னும் போடு. பாரந்தூக்கின்னும் போடு. வாரக் கடைசிக்குள்ள குடு."

வாரக் கடைசி வந்தது, போனது. கொக்கு கொடுக்கவில்லை. நடுவில் ஒரு விஷயம் நடந்துவிட்டது.

ஒரு காலை அவன் தைரியத்தைத் திரட்டி ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டினான். மூன்றாவது பொருளுக்கு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் தேவைப்பட்டது, அனுபவித்து எழுதலாமே என்ற எண்ணம். தலை சுற்றியது. சுற்றிய தலையோடு எதிரே பார்த்தான். கண்ணாடி அறைக்குள் இருந்த ஆள் ஒரு பெண். தலைக்கவசத்துக்குப் பின்னால் பின்னல் தெரிந்தது. அவள் கையை உயர்த்தி இப்படியும் அப்படியும் ஆட்டினாள்!

கொக்கு சடக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டதில் பிடரி ஜன்னல் சட்டத்தில் இடித்தது. வலிக்கவில்லை. அன்று மாலை வேலை முடிந்து, சைட்டில் சத்தம் அடங்கி, எல்லோரும் போன பிறகு அவன் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். அந்த நீள இரும்புக் கை, தெருவுக்கு மேலே நீண்டு, நேராக அவன் ஜன்னலைக் காட்டிக்கொண்டு நின்றது.

தற்செயல் என்று நினைத்தான். மறுநாள் மாலையும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. பகலெல்லாம் கிழக்கும் மேற்குமாகச் சுற்றி வேலை செய்கிற கை, அவள் இறங்கிப் போன பிறகு இவன் ஜன்னலுக்கு வந்து நின்றுவிடும். ஒரு பெண் ஓர் ஆணுக்குச் சாடை காட்ட இத்தனை டன் இரும்பைத் திருப்பியதாக உலக வரலாற்றில் எங்காவது உண்டா? கொக்கு இஸ்திரி போட்ட சட்டையாகப் போட ஆரம்பித்தான். மேசையில் ஒரு சீப்பு குடியேறியது. தேநீரை ஜன்னலில் நின்று, பக்கவாட்டுத் தோற்றம் நன்றாகத் தெரியும்படி, ஊதி ஊதிக் குடித்தான். தினமும் ஒருமுறை கழுத்தை நீட்டுவான், தினமும் கண்ணாடி அறைக்குள் அவள் கை ஆடும். தலை இப்போதும் சுற்றியது. ஆனால் இந்தச் சுற்றல் வேறு. இதற்கு மேசையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றவில்லை, பாடத் தோன்றியது. ஒருநாள் பாடியும் விட்டான். முற்றுப்புள்ளி அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கி ஒரு பார்வை பார்த்தார்.

சைட் வாசலில் இருந்த காவலாளியிடம் பேச்சுக் கொடுத்தான்.

"மேல உக்காந்து ஓட்டறாங்களே, அவங்க..."

"யாரு, மேல்வீட்டுக்காரியா? நாங்க அப்படித்தான் சொல்லுவோம். காலைல ஏறினா சாயங்காலம்தான் தரைக்கு வரும். நல்ல பொண்ணு. கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் ஆகல. ஏன் சார் கேக்கறீங்க?"

"சும்மா. அகராதிக்காக."

"எதுக்கோ, சீக்கிரம் கேட்டுக்குங்க. மேல்தளம் கான்கிரீட் முடிஞ்சுது. அடுத்த வாரம் கிரேனைப் பிரிக்கறாங்க. அது வேற ஊரு சைட்டுக்குப் போகுது, அந்தப் பொண்ணும் கூடவே போகுது."

கொக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த வாரம்! இத்தனை வருடம் கழித்து வாழ்க்கையில் ஒரு கை அவனைப் பார்த்து நீண்டிருக்கிறது. அதைக் கழற்றி லாரியில் ஏற்றப்போகிறார்களாம். அதற்குள் அவளிடம் பேச வேண்டும். எந்தச் சொல்லின் பூர்வீகத்தையும் இழுக்காமல், மனுஷனைப்போல் பேச வேண்டும். நாளைக்கே பேசிவிடுவது என்று முடிவு செய்தான்.

அன்று மாலை திரும்பிப் பார்த்தால் இரும்புக் கை அவன் ஜன்னலைக் காட்டவில்லை. பக்கத்துக் கட்டடத்துப் பல் மருத்துவமனையைக் காட்டியது.

ஒருநாள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மறுநாளும் பல் மருத்துவமனைதான். அந்த மருத்துவமனையின் பால்கனியில் ஒரு டாக்டர் அடிக்கடி வந்து நிற்பதைக் கொக்கு கவனித்திருந்தான். இளைஞர், அகலத் தோள், பற்பசை விளம்பரத்திலிருந்து இறங்கி வந்த சிரிப்பு. கழுத்து, இருக்க வேண்டிய அளவுக்கு மட்டும் இருந்தது. கொக்குக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்ற சொல்லின் பூர்வீகம் நினைவுக்கு வந்தது. அதைக்கூட அவன் ரசிக்கவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

போட்டியாளனை நேரில் பார்த்துவிடுவது என்று கிளம்பினான். வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே, பல் வலி என்று சொல்லிவிட்டுப் போனான். பல் மருத்துவமனைக்குச் சும்மா போய் உட்கார முடியாது என்பது சாய்வு நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் உறைத்தது. டாக்டர் விளக்கைப் போட்டு வாய்க்குள் பார்த்தார். பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"சரியான நேரத்துல வந்தீங்க சார். கடவாய்ப் பல்லுல நல்ல பெரிய சொத்தை. எப்படித் தாங்கினீங்க?"

ஊசி போட்டார். கொக்கின் வலது கன்னமும் பாதி நாக்கும் தூங்கிப்போயின. டாக்டர் குடைந்துகொண்டே உள்ளறைப் பக்கம் திரும்பிச் சொன்னார்: "இன்னிக்கும் அந்தக் கிரேன் நம்ம மண்டைக்கு மேலதான் வந்து நிக்கப் போகுது பாரேன். எப்பத்தான் பிரிப்பாங்களோ."

உள்ளறையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "நீங்க பால்கனியில போய் நின்னு நின்னு பார்க்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? பையனும் உங்களைப் பார்த்துட்டு அங்கயே போய் நிக்கறான்."

மனைவி! பையன்! வாயைத் திறந்தபடி கிடந்த கொக்கு சந்தோஷத்தில் ஏதோ சொல்ல முயன்றான். வாயில் இருந்த பஞ்சு வெளியே வந்து விழுந்தது.

வெளியே வந்தபோது சைட்டில் வேலை முடிந்து ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். இரும்புக் கை சும்மா நின்றது. வாசலில் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தோளில் ஒரு பையோடு, காவலாளி கொடுத்த தேநீரைக் குடித்தபடி அவள் நின்றாள். தரையில் பார்த்தால் சின்ன உருவம்தான். பெரிய கண்கள், வெயிலில் கறுத்த கை, யாரையும் அளவெடுத்துப் பார்க்கிற பார்வை. கொக்கு நேராக அவள் முன்னால் போய் நின்றான். அவன் வாயிலிருந்து வந்த குழறலை அப்படியே எழுதினால் யாருக்கும் விளங்காது. நேராக்கித்தான் போட வேண்டியிருக்கிறது.

"அந்தக் கையை ஏங்க பல் டாக்டர் பக்கம் திருப்பிட்டீங்க?"

அவள் டம்ளரை இறக்கினாள். "ஐயோ, உங்க வாய் என்னங்க ஆச்சு?"

"சொத்தை. அதை விடுங்க. மூணு நாள் முன்னாடி வரைக்கும் தினமும் என் ஜன்னல் பக்கம்தானே நின்னுச்சு? நாலாவது மாடி. நான்... நான் அதுக்காக எத்தனை சட்டை இஸ்திரி போட்டேன் தெரியுமா?"

அவள் ஒரு கணம் அவனைப் பார்த்தாள், பிறகு கிரேன் உச்சியைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் குலுங்கினாள்.

"நான் திருப்பலைங்க. காத்து திருப்புது."

"காத்தா?"

"வேலை முடிஞ்சு இறங்கும்போது பிரேக்கை விட்டுட்டுத்தான் இறங்கணும். காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் பூம், அதான் அந்த நீளக் கை, அதுவா திரும்பிக்கும். பிடிச்சு வச்சோம்னா பெருங்காத்துல மொத்தமும் சாஞ்சிடும். இத்தனை நாளா ஒரே பக்கக் காத்து. முந்தா நாள்லேருந்து மாறிடுச்சு. அங்க பாருங்க, இப்பக்கூடத் திரும்புது. நான் இங்கதானே நிக்கறேன்?"

கொக்கு அண்ணாந்து பார்த்தான். யாரும் இல்லாத கண்ணாடி அறையோடு அந்த மாபெரும் கை, ஒரு வேலையும் இல்லாதவன் தெருவில் நடப்பதுபோல, தன்பாட்டுக்குப் பல் மருத்துவமனைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

"அப்போ... கை ஆட்டினது? நான் எட்டிப் பார்த்தப்போ?"

"எப்போ? ஓ, அதுவா? கண்ணாடி துடைச்சேன்."

பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. அவமானம் கழுத்து முழுவதும் ஏறியது. ஏறுவதற்கு இடமும் நிறைய இருந்தது. திரும்பி ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பழைய வியாதி வந்துவிட்டது. பாதி நாக்கோடு ஆரம்பித்தான்: "கிரேன்ங்கற சொல்லு எங்கேருந்து வந்துச்சு தெரியுமா?"

"தெரியுமே. கிரேன்னு ஒரு வெள்ளைக்காரர் கண்டுபிடிச்சதுன்னு டிரெய்னிங்ல சொன்னாங்க."

"இல்லவே இல்லைங்க!"

அவ்வளவுதான். பறவையில் ஆரம்பித்து, அது கத்துகிற கத்தலுக்குப் போய், கிரேக்கரைத் தொட்டு, ஜெரேனியப் பூ, கிரான்பெரிப் பழம், நாயின் பெடிக்ரீ, டச்சுக்காரரின் குளியலறைக் குழாய் என்று அவன் சுற்றி வந்தபோது அவள் ஒரு சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். தேநீர் ஆறிப்போயிருந்தது. கன்னத்தில் வழிந்ததை அவன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டான்.

"அப்போ நான் இத்தனை வருஷமா ஒரு பறவையோட மண்டைக்குள்ள உக்காந்து வேலை பார்க்கறேனா?" என்றாள்.

"தொண்டைக்கிட்ட."

அவள் மறுபடி சிரித்தாள். இந்தத் தடவை சிரிப்பில் அவனுக்கும் கொஞ்சம் பங்கு இருந்தது. பேருந்தில் அந்தப் பெண் இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கினாளே, இவள் இறங்குகிற மாதிரி தெரியவில்லை. அவன் கேட்டான்: "அவ்வளவு உயரத்துல கீழ சொல்றது எப்படிங்க கேக்கும்?"

"வாக்கி டாக்கி உண்டு. அது மக்கர் பண்ணினா கையிலதான். ஒரு விரலை மேல காட்டிச் சுத்தினா தூக்கு. கீழ காட்டிச் சுத்தினா இறக்கு. இப்படி முஷ்டியைப் பிடிச்சுக் காட்டினா, எது எங்க இருக்கோ அங்கயே நிக்கணும். ஒரு இஞ்ச் அசையக் கூடாது."

அவள் பிடித்துக் காட்டினாள். அவனும் பிடித்தான். அவள் அவன் கட்டைவிரலை எடுத்து முஷ்டிக்கு வெளியே சரியாக வைத்தாள். கொக்குக்கு நின்ற இடத்திலேயே, தரையிலேயே, தலை சுற்றியது.

பேருந்து வந்தது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"முதல் தடவை கண்ணாடிதான் துடைச்சேன்" என்றாள். பேருந்து போய்விட்டது.

கொக்கு வீட்டுக்கு நடந்தே போனான். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான். காற்றைக் காதல் என்று நினைத்தவன் வேறு எப்படிப் போவான்? அக்கா கஞ்சி வைத்துக் கொடுத்தாள், ஒரு பக்கமாகக் குடித்தான். மரத்துப்போன கன்னம் மெல்ல விழித்தது. வாய் கொப்பளிக்கக் குழாயைத் திறந்தபோது, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில், அவள் சொன்ன வாக்கியம் முழுசாக வந்து நின்றது. முதல் தடவை கண்ணாடி துடைத்தாள். முதல் தடவை!

"அக்கா! அக்கா! முதல் தடவைன்னா என்ன அர்த்தம்?"

"நீதானேடா அகராதிக்காரன்?"

"முதல் தடவைன்னு ஒருத்தங்க சொன்னா, ரெண்டாவது தடவைன்னு ஒண்ணு இருக்குன்னுதானே அர்த்தம்?"

அக்கா ஏணியில் நின்று சமையலறைப் பல்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். துடைப்பதை நிறுத்தினாள்.

"யாருடா அது? கீழ்வீடா, மாடிவீடா?"

"ரொம்ப மேல்வீடுக்கா" என்று சொல்லிவிட்டு அவன் ஏணியின் இரண்டாவது படியில் ஏறி அக்காவைக் கட்டிக்கொண்டான். ஏறியது இறங்கிய பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

மறுநாள் அவன் எந்தச் சட்டையையும் இஸ்திரி போடவில்லை. அதற்கு நினைவே வரவில்லை, தூங்கியிருந்தால்தானே விடிந்தது தெரியும். அலுவலகத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தான். நிச்சயமாக எதுவும் தெரியாது. இரண்டாவது தடவை வேறு எதையாவது துடைத்தாளோ என்னவோ. காலையெல்லாம் இரும்புக் கை மரச்சட்டங்களை இறக்கிக்கொண்டிருந்தது. இவன் பக்கம் திரும்பவே இல்லை. கழுத்தை நீட்ட அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மதிய இடைவேளை மணி சைட்டில் அடித்தது. முற்றுப்புள்ளி அம்மா அவன் மேசைக்கு வந்து நின்றார்.

"கிரேன் என்னாச்சு?"

"இதோம்மா, கடைசி வரி."

"கடைசி வரியைப் பத்து நாளா எழுதற. இங்க குடு, நான்..."

அவர் பேச்சு பாதியில் நின்றது. அப்படி நின்றதை அந்த அலுவலகத்தில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. கொக்கு திரும்பினான்.

கொக்கியில் எந்தப் பாரமும் இல்லாமல் இரும்புக் கை திரும்பி வந்துகொண்டிருந்தது. மெதுவாக, ஒரே சீராக. பக்கத்து மொட்டைமாடியில் காயப்போட்ட துணிகளெல்லாம் பல் மருத்துவமனைப் பக்கம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. காற்று அந்தப் பக்கம்தான் தள்ளியது. கை இந்தப் பக்கம் வந்தது. காற்றைத் தள்ளிக்கொண்டு, தெருவின் விளிம்பு வரைக்கும் வந்து, அவன் ஜன்னலுக்கு நேராக நின்றது. கண்ணாடி அறையில் விளக்கு எரிந்தது. உள்ளே அவள் இருந்தாள். ஒரு கையால் கண்ணாடியைத் துடைப்பதுபோல இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அந்தக் கையில் துணி இல்லை.

கீழே யாரோ மேஸ்திரி, "யாரும்மா அது, சாப்பாட்டு நேரத்துல சும்மா சுத்தறது?" என்று கத்தினார். மேலிருந்து ஹாரன் ஒருமுறை செல்லமாக அடித்தது.

கொக்கு ஜன்னலுக்கு வெளியே போனான். கழுத்து மட்டும் இல்லை. தலை, கழுத்து, தோள், இடுப்பு வரைக்கும் போனான். நான்காவது மாடி, கீழே தெரு, தெருவில் குட்டிக் குட்டியாய் மனிதர்கள். தலை சுற்றியது, சுற்றட்டும் என்று விட்டுவிட்டான். முற்றுப்புள்ளி அம்மா பின்னாலிருந்து அவன் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவன் வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, கட்டைவிரல் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, முஷ்டியைப் பிடித்துக் காட்டினான்.

எது எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றது. இடைவேளை முடிந்து மணி அடிக்கும் வரைக்கும் ஒரு இஞ்ச் அசையவில்லை.

"உள்ள வாப்பா, எனக்குக் கை வலிக்குது" என்றார் முற்றுப்புள்ளி அம்மா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த வார்த்தையை நாளைக்குக் குடு. ஒண்ணும் அவசரமில்ல."

அன்று மாலை வேலை முடிந்து, பிரேக்கை விட்டதும், இரும்புக் கை வழக்கம்போலக் காற்றோடு பல் மருத்துவமனைப் பக்கம் போய்விட்டது. கொக்கு அதை அண்ணாந்து பார்க்கவே இல்லை. அவன் சைட் வாசலில் இரண்டு தேநீர் டம்ளர்களோடு நின்று, அவள் ஏணியில் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.